புது போன் ஆனே ஆகல, ரிப்ளேஸ்மென்ட் தேதி நெருங்குது, மும்பைல இருக்கேன், யாராவது வழி சொல்லுங்க

சயான் கோலிவாடா தம்பி

வணக்கம் மக்களே, அவசரமா ஒரு உதவி. அம்மாவுக்காக ஆன்லைன் சேல்ல ஒரு ஆண்ட்ராய்டு போன் எடுத்தேன், நேத்து சாயங்காலம் வந்துச்சு, சீல் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, பிரிச்சு பவர் பட்டனை அமுக்கினா ஒண்ணுமே இல்ல. லோகோ வரல, வைப்ரேஷன் வரல, சார்ஜ் போட்டா வருமே அந்த பேட்டரி படம், அது கூட வரல. பாக்ஸ்ல சார்ஜர் கிடையாது, ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கிற கேபிள் மட்டும்தான், அதனால ஆபீஸ் லேப்டாப்போட 65 வாட் சார்ஜர்ல அரை மணி நேரம் போட்டு வச்சு பாத்தேன், அப்பவும் கறுப்பு ஸ்கிரீன்தான். ரிப்ளேஸ்மென்ட் கேக்க சனிக்கிழமை வரைக்கும்தான் டைம்னு ஆப்ல காட்டுது. அடுத்த வாரம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஊருக்கு போறேன், கையோட கொண்டு போய் குடுக்கணும்னு இருந்தேன். ரூம்ல இருக்கிற பையன் லாமிங்டன் ரோட்டுக்கு எடுத்துட்டு போ, பேட்டரிக்கு வெளியில இருந்து கரண்ட் குடுத்து எழுப்பிடுவாங்கன்னு சொல்றான். போகலாமா வேண்டாமா?

குர்லா நைட் ஷிப்ட்

ப்ரோ மொதல்ல பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கிற பட்டனையும் சேத்து ஒரு இருபது செகண்ட் விடாம அமுக்கி பிடிங்க. பேட்டரி நல்லாத்தான் இருக்கும், உள்ள சாஃப்ட்வேர் தொங்கிப்போய் ஸ்கிரீன் மட்டும் கறுப்பா நிக்கும், அப்படி இருந்தா இதுலயே எழுந்துரும். இதைப் படிக்கிற ஐபோன் காரங்களுக்கு வழி வேற, வால்யூம் ஏத்துறதை ஒருவாட்டி அமுக்கி விடணும், அப்புறம் குறைக்கிறதை ஒருவாட்டி அமுக்கி விடணும், அப்புறம் சைடு பட்டனை ஆப்பிள் லோகோ வர்ற வரைக்கும் பிடிச்சிருக்கணும், ஐபோன் 8ல இருந்து எல்லாத்துக்கும் இதுதான்.

சயான் கோலிவாடா தம்பி

பண்ணிட்டேன் ப்ரோ, ஒண்ணும் வரல. லேப்டாப்ல குத்தினாலும் சத்தமே இல்ல.

லாமிங்டன் ரோடு அண்ணாச்சி

தம்பி, நான் அந்த ரோட்டுலதான் போன் ரிப்பேர் டேபிள் போட்டுருக்கேன், நானே சொல்லுதேன், இங்க கொண்டு வராத. என்கிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் குடுக்காத. இன்னிக்கு தேதில அந்த போன்ல உனக்கு இருக்கிற ஒரே பலம் அதை யாரும் தொறக்கலைங்கிறதுதான். பேக் கவரை சூடு பண்ணி தூக்கின அடுத்த நிமிஷம் அந்த பசை பழையபடி ஒட்டாது, சர்வீஸ் சென்டர்காரன் பாத்த உடனே கண்டுபிடிச்சுருவான், வாரன்டியும் போச்சு ரிப்ளேஸ்மென்ட்டும் போச்சு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன் பாக்டரில இருந்து வரும்போது பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணி அனுப்ப மாட்டாங்க, பாதிக்கும் கம்மியா கூட இருக்கும். அது குடோன்ல மாசக்கணக்குல கிடந்தா தானா இறங்கிக்கிட்டே போவும். சுமார் 2.5 வோல்ட்டுக்கு கீழ போச்சுன்னா பேட்டரிக்கு உள்ளயே இருக்கிற பாதுகாப்பு போர்டு கனெக்‌ஷனை கட் பண்ணிரும். அந்த நிலைமையில சார்ஜ் போட்டா சார்ஜிங் ஐசி, அதான் சார்ஜ் ஏறுறதை பாத்துக்கிற குட்டி சிப்பு, எடுத்த எடுப்புல முழு கரண்ட்டும் விடாது, பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதல்ல கஞ்சித்தண்ணி குடுக்கிற மாதிரி சொட்டுச்சொட்டாத்தான் விடும். சுமார் 3 வோல்ட் தாண்டினாத்தான் வேகம் எடுக்கும், போன் எந்திரிக்கணும்னா 3.4, 3.5 வோல்ட் வேணும். அது வரைக்கும் ஸ்கிரீன்ல ஒரு புள்ளி கூட வராது, ஆனா உள்ள வேலை நடந்துக்கிட்டு இருக்கும், கேட்டியா. அதனால அரை மணி நேரத்தை வச்சு போன் செத்துட்டுன்னு முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் டைப் சி இருந்தா சார்ஜர் முதல்ல எதிர்ல ஒரு போன் இருக்கான்னு அந்த சின்ன பின் வழியா பாத்துட்டுத்தான் கரண்ட்டே விடும். முழுசா டவுனான போன் சில சமயம் அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லாது. பழைய மாடல் சார்ஜர், அதான் அகலமான யூஎஸ்பி ஓட்டை இருக்குமே, அதுல எந்நேரமும் 5 வோல்ட் வந்துக்கிட்டே இருக்கும், யாரையும் கேக்காது. பக்கத்து வீட்டுல எவர்கிட்டயாவது சாதா 10 வாட் சார்ஜரும் அதுக்கு ஏத்த நல்ல கேபிளும் வாங்கி சுவத்து பிளக்குல போட்டு ராத்திரி முழுக்க விடு. லேப்டாப்ல குத்தி சார்ஜ் ஏத்தாத, அதுல கரண்ட் பத்தாது.

எவ்வளவு கரண்ட் போவுதுன்னு காட்டுற யூஎஸ்பி மீட்டர் கிடைச்சா சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவுல மாட்டி பாரு. 0.00ன்னே நின்னா கரண்ட் உள்ளயே போவல. 0.1, 0.2 ஆம்பியர் காட்டினா அந்த கஞ்சித்தண்ணி போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பொறுமையா இரு.

தானே எக்ஸ்பிரஸ்

அண்ணாச்சி சொல்றது சரிதான், ஆனா ஒரு நல்ல டெக்னீஷியன் அஞ்சு நிமிஷத்துல பேட்டரிக்கு பூஸ்ட் குடுத்து எழுப்பிடுவாரே, இதுக்கு எதுக்கு ராத்திரி முழுக்க காத்திருக்கணும், சர்வீஸ் சென்டர்ல டோக்கன் போட்டு நிக்கணும்?

லாமிங்டன் ரோடு அண்ணாச்சி

எழுப்பிரலாம் தம்பி, நான் தெனம் பண்ணுத வேலைதான். ஆனா அது வாரன்டி முடிஞ்ச போனுக்கு பண்ணுதது. புது போனுக்கு முழு காசு குடுத்தவன், ரிப்பேர் பண்ணின போனை எதுக்கு வச்சுக்கிடணும்? எழுந்திரிச்சாலும் அந்த பேட்டரி எப்படி இருக்குன்னு தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப படுத்தா அப்ப அவன் கையில ஒண்ணுமே இருக்காது.

மாட்டுங்கா மாமி

கண்ணா, சார்ஜ் போடறதெல்லாம் போடு, ஆனா அதுக்கு முன்னாடி ஆப்ல கம்ப்ளைன்ட் ரெய்ஸ் பண்ணிடு, இப்பவே, இதைப் படிச்சு முடிச்ச கையோட. சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கேன்னு உக்காந்துண்டு இருக்காதே. அந்த தேதிக்குள்ள நீ புகார் பண்ணினதுக்கு நம்பர் இருந்தா போறும், அவா டெக்னீஷியனை அனுப்பறதுக்கு லேட் ஆனாலும் உன் மேல தப்பு சொல்ல முடியாது. போன்ல பேசினா மட்டும் போறாது, சாட்லயோ ஈமெயில்லயோ எழுத்துல இருக்கணும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோ. பாக்ஸ், கேபிள், சிம் ஊசி, மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் எதையும் தூக்கிப் போடாதே. பாக்ஸ் லேபிளையும் பட்டனை அமுக்கினா ஒண்ணும் வராததையும் ஒரே வீடியோவா, கட் பண்ணாம எடுத்து வை.

அவா முடியாதுன்னா நீ பயப்படாதே. 2020ல வந்த ஈ-காமர்ஸ் ரூல்ஸ் இருக்கு, பழுதான சாமானை திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு விக்கறவா சொல்லக் கூடாது, கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சுதுன்னு பதில் போடணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வெக்கணும். அதுக்கும் மசியலேன்னா 1915க்கு போன் போடு, தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியா ஜில்லா நுகர்வோர் கமிஷன், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸே கிடையாது. எல்லாரும் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு, விக்கறவன் குர்கான்ல இருக்கான் டெல்லில இருக்கான், நான் எங்க போய் கேஸ் போடறதுன்னு விட்டுடறா. 2019 சட்டத்துப்படி நீ எங்க குடியிருக்கியோ, எங்க வேலை பாக்கறியோ, அங்கயே போடலாம். நீ மும்பையில இருந்தா மும்பையிலயே போடு.

டோம்பிவிலி பொண்ணு

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணாச்சி, இப்ப அடிக்கிற மழைல டெலிவரி பேக் நனைஞ்சு வந்திருந்தா? அரிசில போட்டு வைக்கலாமா?

லாமிங்டன் ரோடு அண்ணாச்சி

அரிசில போடாதம்மா, தூசியும் மாவும் சார்ஜிங் ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கிடும். பாக்ஸ் நனைஞ்சிருந்தா ஆன் பண்ணவே கூடாது, போட்டோ எடுத்து அப்படியே திருப்பி அனுப்பு. நிறைய போன்ல உள்ள ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் உண்டு, தண்ணி பட்டா செவப்பாயிரும், சர்வீஸ் சென்டர்காரன் அதைத்தான் முதல்ல பாப்பான்.

சயான் கோலிவாடா தம்பி

அப்டேட் சொல்றேன். மாமி சொன்ன மாதிரி மொதல்ல கம்ப்ளைன்ட் போட்டேன், நம்பர் வந்துருச்சு. அப்புறம் கீழ் வீட்டு அக்காகிட்ட பழைய சார்ஜர் வாங்கி போட்டுட்டு படுத்தேன், ராத்திரி எழுந்து பாத்தப்ப பேட்டரி படம் வந்திருந்துச்சு!! காலைல 100 காட்டுது, ஆன் பண்ணினேன், லோகோ வந்து மொழி கேட்டு நிக்குது. அண்ணாச்சி ரொம்ப ரொம்ப நன்றி. இப்ப டெக்னீஷியன் வரேன்னு மெசேஜ் வந்திருக்கு, கம்ப்ளைன்ட்டை கேன்சல் பண்ணிடவா?

லாமிங்டன் ரோடு அண்ணாச்சி

பண்ணாத! கூகுள் அக்கவுன்ட்டும் இப்பதைக்கு போடாத. போட்டுட்டு அப்படியே திருப்பிக் குடுத்தா லாக் விழுந்து அதுவே ஒரு தகராறாகும், போட்டுட்டேன்னா திருப்பும் முன்னாடி அக்கவுன்ட்டை எடுத்துட்டு ரீசெட் பண்ணிரணும்.

எந்திரிச்சதும் விஷயம் முடிஞ்சிரல. லித்தியம் பேட்டரி 2 வோல்ட்டுக்கும் கீழ ரொம்ப நாள் கிடந்தா உள்ள இருக்கிற செப்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிக்கும், திரும்ப சார்ஜ் ஏத்தும்போது அந்த செம்பு வேற இடத்துல போய் படியும், அதுல கெப்பாசிட்டியும் குறையும், உள்ளுக்குள்ள ஷார்ட் ஆவுற ஆபத்தும் உண்டு. உன் பேட்டரி அவ்வளவு தூரம் போச்சா இல்லையான்னு வெளிய இருந்து சொல்ல முடியாது. அதனால பாக்ஸை எடுத்து தயாரிச்ச மாசம் வருஷம் பாரு, சட்டப்படி அச்சடிச்சிருக்கணும். அப்புறம் டயல் பேட்ல ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் போட்டா 15 இலக்க ஐஎம்இஐ, அதான் ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர், வரும், அது பாக்ஸ்ல இருக்கிறதோட ஒத்துப்போவுதான்னு பாரு. இங்கிலீஷ்ல கே, ஒய், எம்னு மூணு எழுத்து, ஒரு இடம் விட்டு அந்த ஐஎம்இஐ, இதை 14422க்கு எஸ்எம்எஸ் பண்ணினா நம்பர் சரியான போனுதானான்னு அரசாங்கத்துல இருந்தே பதில் வரும்.

அடுத்து ஒரு தடவை முழுசா வீடியோ ஓட விட்டு இறக்கு. முதல் தடவை பர்சன்டேஜ் தாறுமாறா குதிச்சா பயப்படாத, அளக்கிற ஐசிக்கு கணக்கு தப்பியிருக்கும். திரும்ப 100 ஏத்தி ரெண்டாவது வாட்டியும் அப்படியே குதிச்சாலோ, 30, 40 இருக்கும்போதே பட்டுன்னு ஆஃப் ஆனாலோ, கையில பிடிக்க முடியாம சுட்டாலோ, பேட்டரி போச்சு. அம்மா கையில குடுக்கிற போன், யோசிக்காம மாத்திரு.

மாட்டுங்கா மாமி

டெக்னீஷியன் வந்து "ஆன் ஆறதே, பிராப்ளம் ரிசால்வ்டு"ன்னு எழுதி ஓடிபி கேப்பான். குடுத்துடாதே. பேட்டரி டீப் டிஸ்சார்ஜ், அதாவது அடியோட இறங்கிப் போயிருந்ததுன்னு எழுதச் சொல்லு.

சயான் கோலிவாடா தம்பி

மாமி, எழுதி வச்ச மாதிரி அதேதான் நடந்துச்சு. வந்தவர் நல்ல மனுஷன்தான், ஆனா ஆன் ஆகுதேன்னு ஓடிபி கேட்டார், நான் குடுக்கல. பாக்ஸ்ல பாத்தா போன வருஷம் தயாரிச்சது. அண்ணாச்சி சொன்ன மாதிரியே ரெண்டு தடவை இறக்கிப் பாத்தாச்சு, ரெண்டாவது வாட்டியும் 38ல இருக்கும்போது அப்படியே அணைஞ்சுருச்சு, அதையும் வீடியோ எடுத்து அவருக்கு காட்டினதும் அவரே சர்வீஸ் சென்டர்ல ஜாப் ஷீட் போட்டு டிஓஏ லெட்டர், அதான் கைக்கு வரும்போதே போன் பழுதுன்னு எழுதிக் குடுக்கிற லெட்டர், வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டார். சயான்லயே இருக்கு, இன்னிக்கு காலைல போனேன், பேட்டரி டெஸ்ட்ல பெயில், வெளி சேதாரம் இல்ல, தொறக்கப்படலைன்னு தெளிவா எழுதி குடுத்தாங்க. அதை ஆப்ல அப்லோட் பண்ணின கொஞ்ச நேரத்துல ரிப்ளேஸ்மென்ட் ஓகே ஆயிருச்சு, வெள்ளிக்கிழமை வருதாம். தொறக்கப்படலைங்கிற அந்த ஒரு வரி இல்லைன்னா இது நடந்தே இருக்காதுன்னு சர்வீஸ் சென்டர் பொண்ணும் சொல்லுச்சு.

லாமிங்டன் ரோடு அண்ணாச்சி

சந்தோசம் தம்பி. வெள்ளிக்கிழமை டெலிவரி பையன் நிக்கும்போதே பிரிச்சு ஆன் பண்ணி பாரு. தயாரிச்ச மாசத்தையும் மறக்காம பாரு.

மாட்டுங்கா மாமி

பில்லையும் பாத்துக்கோ கண்ணா. மாத்தி வர போனுக்கு ஐஎம்இஐ வேற நம்பரா இருக்கும், பழைய பில்லுல பழைய நம்பர்தான் இருக்கும். நாளைக்கு வாரன்டிக்கு போனா இது இந்த பில்லு போனே இல்லேன்னு சொல்லிடுவா. புது ஐஎம்இஐ போட்ட இன்வாய்ஸ் வேணும்னு அதே கம்ப்ளைன்ட் நம்பர்ல கேளு, அது கைக்கு வந்தப்பறம் கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ணு.

சயான் கோலிவாடா தம்பி

இது எனக்கு தோணவே இல்ல மாமி, இப்பவே சாட்ல கேட்டுட்டேன். இன்வாய்ஸ் மாத்தி அனுப்புறோம்னு எழுத்துல பதில் வந்துருச்சு, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துட்டேன்.