மூன்று மாதம் காரில் தங்கப் போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீட்டு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காமல் மூன்று மாதம் காரிலேயே தங்கி, மிச்சமாகும் வாடகையில் கடனை அடைக்கப் போகிறேன். (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.) குளிக்க உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன், அந்தக் கவலை இல்லை.

சோதனைக்கு இரண்டு இரவு படுத்துப் பார்த்தேன். பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டால் கால் நீட்ட முடிகிறது. தொல்லை ஈரம்தான். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் படுத்தேன். விடியும்போது உள்பக்கமெல்லாம் நீர் வழிந்தது, போர்வைகூட ஈரம். மூச்சில் வரும் ஆவிதான் காரணம் என்று புரிகிறது. எதிரெதிர்க் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் போதுமா? அப்போது மழை, கொசு, பாதுகாப்பு மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அப்புறம் மின்சாரம். என் கார் பேட்டரி 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி. கணக்குக்கு 540 வாட்-மணி வரும், ஆனால் அது வண்டியை ஸ்டார்ட் செய்யத்தான். அடிக்கடி அதன் சார்ஜை அதிகமாக இறக்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். மடிக்கணினி மட்டும் 60 வாட் இழுக்கிறது. தனியாக லித்தியம் பேட்டரி வைத்து, வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகும்படி இணைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த அளவு வாங்கினீர்கள்?

கடிதங்களுக்கு எந்த முகவரி கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "வேண்டாம்" என்று சொல்பவர்கள் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.