லேப்டாப் திறக்க நாலு நிமிடம் ஆகிறது, எதை மாற்றலாம்?

மெய்ப்புமேசை:
வணக்கம். நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். என் லேப்டாப் 2017-ல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பொத்தானை அழுத்தி நாலு நிமிடம் கழித்துத்தான் வேலைக்கு வருகிறது. 600 பக்க வேர்டு கோப்பையும் பிரௌசரில் ஓர் அகராதியையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் அம்புக்குறிகூட அசையாமல் நிற்கிறது. வேண்டாத மென்பொருள்களையெல்லாம் நீக்கியாயிற்று. பழுது பார்ப்பவர் ஒருவர் "ப்ராசஸர் பழசு, புதுசு வாங்கிடுங்க" என்றார். இந்தக் கீபோர்டு என் விரலுக்குப் பழகியது, விட மனமில்லை. எதை மாற்றினால் வேகம் வரும்?

திருப்புளி:
அளந்து பார்க்காமல் ப்ராசஸர் மேல் பழி போட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகத் திணறும் அதே வேலையைச் செய்யுங்கள். திணறும் நேரத்தில் சிபியு (அதாவது ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் எவ்வளவு காட்டுகின்றன என்று சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது எடுத்த அளவு உதவாது. மெமரி பக்கத்தில் ரேம் செருகும் இடங்களான ஸ்லாட்கள் எத்தனையில் ரேம் இருக்கிறது என்பதும் தெரியும்.

மெய்ப்புமேசை:
சிபியு 20 சதவீதம், மெமரி 94. டிஸ்க் 100-லேயே நிற்கிறது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1.5 எம்பிதான். எனக்கு இதுதான் புரியவில்லை. ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி.

திருப்புளி:
அந்த 100 என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் ஓயாமல் இருந்தது என்பதன் கணக்கு, எவ்வளவு தரவு வந்தது என்பதன் கணக்கு அல்ல. லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். சின்னச் சின்னத் துண்டாகச் சிதறிக் கிடப்பதைப் படிக்க, ஒவ்வொரு துண்டுக்கும் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில்தான் எழுதி எழுதி எடுக்கிறது. ஆக உங்கள் ப்ராசஸர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதுவும் கூடுதல் ரேமும் போட்டால் போதும்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு 05 (பழுதாகி மாற்று இடம் தரப்பட்டவை), சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள்.

மெய்ப்புமேசை:
மஞ்சள் நிறம் காட்டுகிறது. 05-க்கு நேரே பூஜ்யம். சி5-க்கு நேரே, வரியின் கடைசியில் 8.

திருப்புளி:
அப்படியானால் இன்றைக்கே கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் இடங்களின் எண்ணிக்கை. டீஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒழுங்குபடுத்துவது) செய்யாதீர்கள், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். நலிந்த டிஸ்க்கை அவை இன்னும் வதைக்கும். முதலில் உங்கள் வேலைக் கோப்புகள், அப்புறம் படங்கள், மற்றதெல்லாம் பிறகு. டிஸ்க்கை அப்படியே முழுதாக நகலெடுத்து குளோன் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பழுதான இடத்தில் அது பாதியில் நின்றுவிடக்கூடும். எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது.

எட்டுபிட்:
வாங்கும் முன் இரண்டு விஷயம். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல் வகை ரேம் போட்ட லேப்டாப்பும் உண்டு, டிடிஆர்4 போட்டதும் உண்டு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. சிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் எது என்று காட்டிவிடும். எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா, என்விஎம்இயா (இரண்டும் வேறு வேறு இணைப்பு முறைகள்) என்று கையேட்டில் பாருங்கள், தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குழப்பமாக இருந்தால் பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். திறக்கும்போது சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

மெய்ப்புமேசை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். காலி ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்4, டிஸ்க் இடத்தில் எஸ்எஸ்டி. இப்போது 20 நொடியில் திறக்கிறது. பழைய டிஸ்க்கில் இரண்டு கோப்புகள் கடைசிவரை வரவே இல்லை. ஒன்று போன வருடம் முடித்த சொல்லடைவு. அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தாலே பதறுகிறது. ஒரே ஒரு குறை: ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

திருப்புளி:
சூடுதான் காரணமாக இருக்கும், சூடேறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்விக்கும் ஃபேனுக்கும் காற்று வெளியேறும் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சுபோல அடைத்திருக்கும், பார்த்து எடுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்று அடிக்க வேண்டும். ப்ராசஸர் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

மெய்ப்புமேசை:
தூசி ஒரு திரியாகவே வந்தது அண்ணா. பேஸ்ட்டும் மாற்றியாயிற்று. மூன்று மணி நேரமாக அந்த 600 பக்கக் கோப்பில்தான் இருக்கிறேன், வேகம் 2.3-க்குக் கீழே இறங்கவில்லை.