கர்னல் ரீபூட் ஆகிட்டே இருக்கு, பேஜிங் பிரச்சினை, அவசரம்

கொட்டாம்பட்டி64:
வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சொந்தமா ஒரு சின்ன கர்னல் (ஓஎஸ்-ஓட மையப் பகுதி) எழுதிட்டு இருக்கேன். நேத்து வரைக்கும் பூட் ஆச்சு. இன்னிக்கு பேஜிங் (கோடு கேக்குற அட்ரஸை நெசமான ராம் அட்ரஸா மாத்துற ஏற்பாடு) ஆன் பண்ண உடனே ரீபூட் ஆயிருது, பூட்லோடர் கிரப்போட மெனு வருது, மறுபடி ரீபூட். அந்த மேப் இருக்கிற பேஜ் டேபிள் கோடுல கையே வைக்கல. வியாழக்கிழமை ரிவ்யூ. யாராச்சும் வெரசா சொல்லுங்கண்ணே.

வைகைக்கரை:
32 பிட்டா 64 பிட்டா? க்யூஎம்யூ எமுலேட்டரா, நெசமான மெஷினா? கர்னல் 1 எம்பி-யிலயே லிங்க் ஆகுதா, இல்ல அட்ரஸ் ஸ்பேஸோட மேல் பாதியிலயா? எதுவும் சொல்லாம பேஜிங் பிரச்சினைன்னா என்னத்தைச் சொல்றது தம்பி.

பழைய286:
ஏ20 லைனைப் (1 எம்பி-க்கு மேல போக விடுற பழைய அட்ரஸ் லைன்) பாருங்க. பத்துல எட்டு கேஸ் அதுதான். 1 எம்பி-க்கு மேல எழுதுறது கீழ வந்து விழும், பேஜ் டேபிள் நாசமாயிரும்.

தெப்பக்குளம்:
கிரப் வழியா வர்றாப்ல. கிரப் கையில கொடுக்கும்போதே ஏ20 ஆன் ஆகித்தான் இருக்கும் சார்.

ரிங்ஜீரோ:
இன்டெல் மானுவல் மூணாவது வால்யூம்ல பேஜிங் பத்தி எல்லாமே இருக்கு. அதைப் படிக்காம கர்னல் எழுத உக்காந்தா இப்படித்தான். வீடியோ பாத்து காப்பி அடிச்ச கோடா இருக்கும்.

கொட்டாம்பட்டி64:
64 பிட். க்யூஎம்யூ. மேல் பாதி. மல்டிபூட்2 (கிரப் கர்னலை லோடு பண்ற முறை). வீடியோ எல்லாம் இல்லண்ணே.

நாகமலை_நைட்ஷிப்ட்:
பேஜ் டேபிள் பிஎஸ்எஸ்-ல (ஆரம்ப மதிப்பு கொடுக்காத டேட்டா பகுதி) இருக்கா? அதை ஜீரோ பண்ணலைன்னா குப்பை என்ட்ரி இருக்கும். எனக்கு இதே ஆச்சு, பழைய லேப்டாப்புல.

தெப்பக்குளம்:
கர்னல் ஈஎல்எஃப் வடிவ பைனரி ஃபைலா இருந்தா பிஎஸ்எஸ்ஸை கிரப்பே ஜீரோ பண்ணிரும். க்யூஎம்யூவுல ராமும் ஜீரோவாத்தான் ஆரம்பிக்கும். அதுவா இருந்தா உங்க லேப்டாப்ல சாகும், க்யூஎம்யூவுல தப்பிச்சிரும். இங்க க்யூஎம்யூவுலயே சாகுது.

தம்பி, ஊகம் வேணாம், ரெண்டு வேலை பண்ணு. ஒண்ணு, க்யூஎம்யூவை மைனஸ் டி ஆப்ஷன்ல இன்ட், சிபியு_ரீசெட் ரெண்டும் போட்டு, நோ-ரீபூட்டும் சேத்து ஓட்டு. ட்ரிபிள் ஃபால்ட் (ஃபால்ட்டைக் கையாளப் போயும் ஃபால்ட் ஆகி சிபியு ரீசெட் ஆகுறது) ஆனா, ரீபூட் ஆகாம க்யூஎம்யூ அதோட முடிஞ்சிரும். ரெண்டு, 64 பிட் கோடுக்குள்ள குதிச்ச உடனே சீரியல் போர்ட்டுல ஒரு எழுத்தை அனுப்பு. அவுட் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு மேப்பிங்கே தேவையில்ல, அந்தக் கோடு இருக்கிற பேஜ் மட்டும் மேப் ஆகியிருந்தாப் போதும், எழுத்து வந்துரும்.

கொட்டாம்பட்டி64:
லாக்ல ஒண்ணுமே வரலண்ணே. காலியா இருக்கு.

வைகைக்கரை:
கேவிஎம் (நெச சிபியுவுலயே நேரா ஓட்டுற வசதி) போட்டு ஓட்டுறியா? அதை எடுத்துரு. கேவிஎம்-ல இந்த லாக் வராது.

*(இதுக்கப்புறம் சாயங்காலம் வரை ஆளைக் காணோம்)*

நாகமலை_நைட்ஷிப்ட்:
மேலூர் பக்கம் இன்னிக்கு கரண்ட் கட். பையன் வருவாப்ல.

கொட்டாம்பட்டி64:
கரண்ட் வந்துருச்சு. சீரியல்ல 'எல்' எழுத்து வருது. லாக்: முதல் ஃபால்ட் 14-ம் நம்பர் (பேஜ் ஃபால்ட்), எரர் கோடு 2. ஃபால்ட் ஆன அட்ரஸ் இருக்கிற சிஆர்2-ல எட்டு எஃப், பின்னாடி 80319958. அப்புறம் டபுள் ஃபால்ட், ட்ரிபிள் ஃபால்ட். ஐபி (ஓடிட்டு இருந்த கோடோட அட்ரஸ்) பார்த்தா சி மெயினைக் கூப்பிடுற கால் இன்ஸ்ட்ரக்‌ஷன்ல நிக்குது.

பழைய286:
சிஆர்3-ல (பேஜ் டேபிள் எங்க இருக்குன்னு சொல்ற ரெஜிஸ்டர்) போட்ட அட்ரஸ் 4096-க்கு அலைன் ஆகலை. அதான்.

தெப்பக்குளம்:
'எல்' வந்துருச்சுன்னா பேஜிங் ஆன் ஆகி, லாங் மோடுக்குள்ளயும் (64 பிட் மோடு) போயாச்சு. சிஆர்3 தப்புன்னா அதுக்கு முன்னாடியே போயிருக்கும். எரர் கோடு 2-ன்னா, பேஜே இல்லாத எடத்துல கர்னல் எழுதப் போயிருக்கு. டேபிள்ல குப்பை பிட் இருந்திருந்தா ரிசர்வ்டு பிட் சேந்து வேற நம்பர் வரும்.

கால் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்ன எழுதும்? ரிட்டர்ன் அட்ரஸ், ஸ்டாக்குல. அப்ப 80319958 உன் ஸ்டாக் உச்சிக்கு எட்டு பைட் கீழ. அடிப்படை 80000000-ஐக் கழிச்சா பிசிக்கல் அட்ரஸ் ஹெக்ஸ்ல 319958, மூணு எம்பி சொச்சம். நீ எவ்வளவு மேப் பண்ணியிருக்க? கர்னல் பைனரி சைஸ் நேத்து எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவு?

கொட்டாம்பட்டி64:
பேஜ் டைரக்டரியில முதல் என்ட்ரி மட்டும், ஃப்ளாக் ஹெக்ஸ் 83 போட்டு, 2 எம்பி பேஜ். நேத்து சைஸ் 90 கேபி, இன்னிக்கு 2.1 எம்பி. யூனிஃபாண்ட்டை (யூனிகோடு எழுத்துக்கான பிட்மேப் ஃபாண்ட்) உள்ள சேத்தேன், தமிழ் எழுத்து காட்டணும்னு. ஆனா அது வெறும் டேட்டாதானே?

வைகைக்கரை:
அட, இதை மொதல்லயே சொல்லப்படாதா!

தெப்பக்குளம்:
65,536 எழுத்து, எழுத்துக்கு 32 பைட், சரியா 2 எம்பி. கர்னல் 1 எம்பி-யில லோடு ஆகுது. கோடு முன்னாடி, நடுவுல ஃபாண்ட், கடைசியில பிஎஸ்எஸ். ஃபாண்ட் வந்ததும் பிஎஸ்எஸ்ஸும் அதுக்குள்ள இருக்கிற ஸ்டாக்கும் 3 எம்பி-க்கு அங்கிட்டுப் போயிருச்சு. கோடு மேப்புக்குள்ளயே இருக்கிறதால 'எல்' வரைக்கும் ஓடுது.

நாகமலை_நைட்ஷிப்ட்:
பேஜ் டேபிளும் பிஎஸ்எஸ்-ல இருந்தா அதுவும்தானே மேப்புக்கு வெளிய? அது மட்டும் எப்படி வேலை செய்யுது?

தெப்பக்குளம்:
டேபிளை சிபியு பிசிக்கல் அட்ரஸ் வச்சுத்தான் நடந்து பாக்கும். அதை மேப் பண்ணியிருக்கோமாங்கிறதைக் கேக்கவே கேக்காது. நம்ம கோடு அதைத் தொட்டு எழுதணும்னாத்தான் மேப்பு வேணும்.

தம்பி, ஒரு லூப் போட்டு 512 என்ட்ரியும் நிரப்பிரு. 1 ஜிபி வந்துரும். கீழ ஜீரோ என்ட்ரிக்கும், மேல 511-ம் என்ட்ரிக்குள்ள 510-ம் என்ட்ரிக்கும் அதே டைரக்டரியைக் காட்டினாப் போதும். லிங்கர் ஸ்கிரிப்ட்ல, கர்னல் முடியுற அட்ரஸ் மேப்பைத் தாண்டினா பில்டே நிக்கிற மாதிரி ஒரு அசர்ட்டும் (சரிபார்ப்பு வரி) வை. லினக்ஸ்லயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு.

ரிங்ஜீரோ:
கர்னலுக்குள்ள எதுக்கு தமிழ் ஃபாண்ட்? பூட் மெசேஜை எவன் தமிழ்ல படிக்கப் போறான்? வேலை தெரிஞ்சவன் அதை யூசர் ஸ்பேஸ்ல (கர்னலுக்கு வெளிய, சாதாரண ப்ரோகிராம் ஓடுற எடம்) வைப்பான்.

வைகைக்கரை:
அவன் யூசர் ஸ்பேஸ் வரைக்கும் வரட்டும் சாமி. கர்னல் சாகும்போது வர்ற பானிக் மெசேஜ் தமிழ்ல வந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?

நாகமலை_நைட்ஷிப்ட்:
ஆனா முழு யூனிஃபாண்ட் வேணாம் தம்பி. யூனிகோடுல தமிழோட அடிப்படை பிளாக் 128 இடம். 128 பெருக்கல் 32, 4096. வழக்கமான தமிழ் எழுத்து எல்லாம் ஒரே 4 கேபி பேஜுக்குள்ள உக்காந்துரும்.

பழைய286:
யூனிகோடு வச்சா கொம்பை முன்னாடி தள்ளவே தனியா கோடு எழுதணும். 'கெ'-ல யூனிகோடு வரிசைப்படி க முதல்ல வரும், கொம்பு பின்னாடி வரும். டேஸ்16 எழுத்துக் குறியீட்டைப் போடச் சொல்லுங்க. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், அப்படியே வரைய வேண்டியதுதான். 2010-லயே தமிழக அரசு ஏத்துக்கிட்ட தரம்.

தெப்பக்குளம்:
ஏத்துக்கிட்டு? அது யூனிகோடு எந்த எழுத்துக்கும் ஒதுக்காத பிரைவேட் யூஸ் ஏரியாவுல உக்காந்திருக்கு. வேற மெஷின்ல தொறந்தா கட்டம் கட்டமாத் தெரியும்.

பழைய286:
அவன் சொந்த கர்னல், சொந்த ஃபாண்ட். வேற மெஷின் எங்கிட்டு வந்துச்சு?

ரிங்ஜீரோ:
இதுக்குத்தான் நான் இங்கிட்டு வர்றதே இல்ல.

வைகைக்கரை:
தினமும் வர்றீங்களே.

தெப்பக்குளம்:
சண்டையை அப்புறம் வச்சுக்குவோம். தம்பி, இன்னொண்ணு. யூனிஃபாண்ட்டை வரைய ஃப்ரேம்பஃபர் (ஸ்க்ரீன் பிக்சல் இருக்கிற மெமரி) வேணும். க்யூஎம்யூவுல அது 4 ஜிபி-க்குக் கொஞ்சம் கீழ உக்காந்திருக்கும், நீ போடப்போற 1 ஜிபி-க்குள்ள வராது. கிரப் கொடுக்கிற டேக்ல அட்ரஸ் இருக்கும், அதைப் பாத்துத் தனியா மேப் பண்ணு. இல்லைன்னா இதே 14-ம் நம்பர்ல மறுபடி வந்து நிப்ப.

கொட்டாம்பட்டி64:
ரெண்டும் பண்ணிட்டேன். பூட் ஆகுது, 'அ' தெரியுது. ரொம்ப நன்றிண்ணே.

பழைய286:
'கெ' போட்டுப் பாத்தியா?

சிம்மக்கல்_சீனி:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா நான் ஃபாண்ட் எதுவும் சேக்கல. ஏஎம்டி மெஷின்ல மட்டும் ரீபூட் ஆகுது. என்ன பண்ணலாம்?

வைகைக்கரை:
தனி இழையாப் போடுங்க. 32-ஆ 64-ஆ, எந்த பூட்லோடர், எவ்வளவு மேப் பண்ணியிருக்கீங்க, எல்லாம் எழுதி. லாக்கோட.