புதுப்பிப்பு: அந்தக் கஞ்சா பிஸ்கட் விஷயம்

கஞ்சா வெண்ணெயில் பிஸ்கட் சுட்டு, ஒன்றைத் தின்றும் முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியாததால் இன்னொன்றையும் தின்று, விடிய விடிய நெஞ்சு படபடக்கக் கிடந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். சட்டம் அனுமதிக்கிற இடம்தான், ஆனாலும் பயந்துவிட்டேன்.

இப்போது புரிகிறது. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறுவது, தின்றால் அரை மணியிலிருந்து 2 மணி நேரம்வரை எடுக்கும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சியை (THC) கல்லீரல் இன்னும் வீரியமான பொருளாக மாற்றுவதால் போதை பல மணி நேரம் நீடிக்கும். அன்று அவசரப்பட்டதுதான் தப்பு.

இன்னொரு தப்பு, மாவை ஒழுங்காகப் பிசையாதது. உருண்டையைப் பிட்டுப் பார்த்திருந்தால் பச்சை நிறக் கஞ்சா வெண்ணெய் ஒரு பக்கமாகத் திரண்டு நின்றது தெரிந்திருக்கும். ஒரே தட்டில் ஒரு பிஸ்கட் சப்பென்று இருக்கும், அடுத்தது ஆளைச் சாய்த்துவிடும். இந்த முறை வெண்ணெயை முழுதாக உருக்கி, பச்சைத் திட்டு மறையும்வரை கலக்கினேன். கால் துண்டு தின்றுவிட்டு அன்றைக்கு அதோடு நிறுத்தினேன். மது தொடவில்லை, வண்டி எடுக்கவில்லை.

மீதியைப் பெயர் எழுதி ஒட்டி, பூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பார்க்க சாதா பிஸ்கட் மாதிரியே இருக்கிறது. குழந்தை வாயில் போட்டால் நேராக ஆஸ்பத்திரிதான். தயவுசெய்து திறந்த டப்பாவில் வைக்காதீர்கள்.