படமாகும்போது காணாமல் போகும் கண்ணாடித் துண்டுகள்

பிடித்த ஃபேன்டஸி நாவல் படமாகிறது என்ற செய்தி வந்ததுமே "எதை வெட்டப் போகிறார்களோ" என்று மனம் பதறுகிறது. வெட்டாமல் முடியாது. திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 பக்கம்தான் இடம். ஹாரி பாட்டர் வரிசையில் மிகப் பெரிய புத்தகம் 5ஆவது. அதன் படம் 138 நிமிடம். வெட்டுப்பட்டதற்குப் பின்வரும் பாகங்களில் வேலை இருக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது.

அந்த ஒரே படத்தில் இரண்டு விதமும் நடந்தது. கிரீச்சர் என்ற வீட்டு எல்ஃபைத் திரைக்கதையிலிருந்து எடுத்துவிட நினைத்தார்கள். 7ஆவது நாவல் அப்போது வெளிவரவில்லை. கிரீச்சர் பின்னால் தேவைப்படுவான் என்பது நாவலாசிரியர் ரௌலிங்குக்கு மட்டுமே தெரியும். அவர் சொன்னதால் அவன் தப்பினான். 7ஆவது நாவலின் முதல் பாதியான 2010 படத்தில், ஹாரி தேடும் லாக்கெட்டைத் திருடியது யார் என்று சொல்வது அவன்தான். ஆனால் 5ஆவது நாவலில் ஹாரியின் காட்ஃபாதர் சிரியஸ் அவனுக்குத் தரும், தொலைவிலிருந்து பார்த்துப் பேச உதவும் இருவழிக் கண்ணாடியைக் காப்பாற்ற ஆளில்லை. விளைவு, அதே 2010 படத்தில் ஹாரி ஓர் உடைந்த கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துப் பார்க்கிறான். அது எப்படி அவனிடம் வந்தது என்று படம் மட்டும் பார்த்தவர்களுக்கு விளங்காது. டோபி என்ற இன்னொரு எல்ஃப் வந்து ஹாரியைக் காப்பாற்றுவதே அந்தத் துண்டை நம்பித்தான்.

* * *

கண்ணாடியோடு, ஹாரி பாட்டர் 3ஆவது படத்தில் வரும் பள்ளியின் மந்திர வரைபடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தவர்களாக அதில் எழுதியிருக்கும் மூனி, வார்ம்டெயில், பேட்ஃபுட், ப்ராங்ஸ் யார் யார் என்று 2004 படம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் காகிதம் ஒரு வரைபடம் என்று ஆசிரியர் லூப்பினுக்கு எப்படித் தெரியும்? ஹாரியைக் காக்கும் மந்திர உருவமான பேட்ரோனஸ் ஏன் கலைமானாக வருகிறது? இரண்டுக்கும் ஒரே பதில், லூப்பினும் ஹாரியின் அப்பாவும் நண்பர்களோடு சேர்ந்து செய்த வரைபடம் அது; கலைமானாக உருமாறக்கூடிய அப்பாதான் ப்ராங்ஸ். இரண்டு வரி வசனம் போதும். படமாக அது மிக அழகான படம், அதனால்தான் அந்த இரண்டு வரி இல்லாதது இன்னும் வலிக்கிறது.

* * *

மாற்றம் எல்லாமே துரோகம் இல்லை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 2ஆவது படத்தில் ஃபாராமிர் என்ற படைத்தலைவன், மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவை ஆஸ்கிலியத் நகரத்துக்கு இழுத்துப் போகிறான். நாவலில் அவன் மோதிரத்தை வேண்டாம் என்று விட்டுவிடுகிறவன். வாசகர்கள் கொதித்தார்கள். மாற்றியதற்குக் காரணம் இருந்தது. ஷெலாப் என்ற சிலந்தி வரும் பகுதி 3ஆவது படத்துக்குப் போய்விட்டதால் ஃப்ரோடோவின் பாதைக்கு 2ஆவது படத்தில் உச்சக்கட்டம் இல்லை. போதாததற்கு, எல்லாரையும் ஆட்டிப்படைக்கும் மோதிரத்தை ஒருவன் எளிதாக மறுத்தால் பார்வையாளர் அதற்குப் பயப்பட மாட்டார்கள். எனக்கு நாவலின் ஃபாராமிர்தான் பிடிக்கும். ஆனாலும் இது யோசித்துச் செய்த மாற்றம்.

யோசிக்காமல் விட்டதும் அங்கேயே உண்டு. 3ஆவது படம் தியேட்டரில் வந்தபோது கெட்ட மந்திரவாதி சாருமான் வரும் காட்சிகளை முழுதாக எடுத்துவிட்டார்கள். இரண்டு படம் மிரட்டியவன் என்ன ஆனான் என்று தெரியாமல், தண்ணீரில் கிடக்கும் அவனுடைய பாலந்தீரை (தொலைவில் நடப்பதைக் காட்டும் கல்) பிப்பின் என்ற ஹாபிட் எடுக்கிறான். 2004இல் வந்த நீட்டித்த பதிப்பில்தான் அவன் முடிவு இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு நீட்டித்த பதிப்பையே காட்டுங்கள்.

அந்தப் படங்கள் மேல் நம்பிக்கை வந்ததற்கு இன்னொரு காரணம் கைவேலை. டோல்கியன் நூல்களுக்கு ஏற்கனவே ஓவியம் வரைந்த ஆலன் லீ, ஜான் ஹோவ் இருவரையும் வடிவமைப்புக்குக் கூப்பிட்டார்கள். பேக் எண்ட் வீட்டை இரண்டு அளவில் கட்டினார்கள்: குள்ளமான ஹாபிட்டுகளுக்குப் பொருந்த ஒன்று, உயரமான மந்திரவாதி கேண்டால்ஃப் தலை இடிக்க ஒன்று. ஹாபிட்டும் கேண்டால்ஃபும் ஒரே மேசையில் இருக்கும் காட்சிக்கு மேசையையே இரண்டாகப் பிரித்து, கேண்டால்ஃப் பக்கத்தைக் கேமராவுக்கு அருகில் வைத்தார்கள். கேமரா நகர்ந்தால் மாயம் கலைந்துவிடும் என்பதால் மேசையின் ஒரு பகுதியும் நடிகரும் கேமராவோடு சேர்ந்து நகரும்படி மேடை அமைத்தார்கள். புதிய படத்தின் தயாரிப்புக் காணொளி வந்தால் இப்படிப்பட்ட வேலை நடக்கிறதா என்று தேடுங்கள். டிரெய்லரை விட அது அதிகம் சொல்லும்.

* * *

முடிவில் கைவைத்தால் மட்டும் மன்னிக்க முடியாது. கோல்டன் காம்பஸ் (2007) படத்தில் நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படமாக்கிய பிறகும் எடுத்துவிட்டார்கள், அடுத்த பாகத்துக்கு ஆகட்டும் என்று. நாயகி லைரா, அப்பாவுக்கு உதவி கொண்டுபோகிறோம் என்று நம்பித் தன் நண்பன் ரோஜரை அவரிடமே சேர்ப்பதும், அவன் சாவதும்தான் அந்த நாவல். படம் வான்கப்பலில் நம்பிக்கையோடு முடிகிறது. கரடிகளின் சண்டையை முன்னுக்குத் தள்ளி, குழந்தைகளை அடைத்துவைத்திருக்கும் போல்வங்காரில் நடக்கும் போரைக் கடைசிக்குக் கொண்டுவந்தது அந்த மகிழ்ச்சியான முடிவுக்காகத்தான். அடுத்த பாகம் வரவே இல்லை. அதே நாவல் வரிசையை வைத்து 2019 முதல் 2022 வரை வந்த தொடர் ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்று எடுத்துக்கொண்டதால் முதல் சீசனை ரோஜரின் சாவில் முடிக்க முடிந்தது.

* * *

தொடர் என்றதும் நிம்மதி அடைய வேண்டாம். வீல் ஆஃப் டைம் 14 நாவல்; சீசனுக்கு 8 எபிசோட்; 3 சீசனோடு 2025இல் நிறுத்தினார்கள். இத்தனை நெருக்கடியிலும் முதல் எபிசோடிலேயே முக்கியப் பாத்திரமான பெரினுக்கு நாவலில் இல்லாத ஒரு மனைவியைக் கொடுத்துக் கொன்றார்கள். அறிவிப்பு வந்ததும் புத்தகங்களை எபிசோட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

வயதையும் பாருங்கள். பெர்சி ஜாக்சன் முதல் நாவலில் பெர்சிக்கு 12 வயது. 16 ஆகும்போது அவன் எடுக்கும் முடிவில் உலகம் தங்கியிருக்கிறது என்பது தீர்க்கதரிசனம். ஐந்து நாவலும் அந்த நாளை நோக்கித்தான் ஓடுகின்றன. 2010 படம் அவனைத் தொடக்கத்திலேயே பதின்ம வயது இளைஞனாக்கியது. வயதைக் கூட்ட வேண்டாம் என்று நாவலாசிரியர் ரியோர்டன் தயாரிப்பாளர்களுக்கு முன்பே எழுதியிருந்தார். 2013இல் வந்த 2ஆவது படத்தில் தீர்க்கதரிசனத்தின் வயதையே 20 என்று மாற்ற வேண்டியதாயிற்று. இப்போதைய தொடரில் அவரே பங்கேற்கிறார், நாயகனும் சிறுவன். முதல் சீசன் 2023 டிசம்பர், அடுத்தது 2025 டிசம்பர். கதையில் ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் போவதில்லை. இதே இடைவெளியில் போனால் 5ஆவது சீசன் வருவதற்குள் நடிகர் இருபதைத் தாண்டிவிடுவார். 2ஆவது சீசன் வெளியாகும் முன்பே 3ஆவதன் படப்பிடிப்பைத் தொடங்கியிருப்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.