ஏஸ் ஜோடி வந்தாலும் தோற்கிறேன்: இருவர் போக்கரில் எங்கே தப்பு செய்கிறேன்?

ராயபுரம் மொட்டைமாடி:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நானும் அக்கா வீட்டுக்காரரும் போக்கர் ஆடுவோம். பணம் கிடையாது. ஆளுக்கு 100 புளியங்கொட்டை. சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பிளைண்ட், சிறியது 1, பெரியது 2. கடல் காற்றுக்குச் சீட்டு பறக்கும் என்பதால் கட்டின் மேல் கேரம் ஸ்டிரைக்கரை வைத்துக்கொள்வோம். சீட்டுப் போடுகிறவர் யார் என்று காட்டும் டீலர் பட்டனும் அதுவேதான்.

பிரச்சினை இதுதான். பெரிய ஜோடி வந்து ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை ஏற்றினால்) மாமா உடனே சீட்டைக் கீழே போட்டுவிடுகிறார், இரண்டு கொட்டைதான் மிஞ்சுகிறது. சரி, ஒளித்து ஆடலாம் என்று லிம்ப் செய்தால் (ஏற்றாமல் பெரிய பிளைண்டுக்குச் சமமாக மட்டும் வைத்தால்) மொத்தமும் போகிறது. போன வாரம் எனக்கு இஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ். சிறிய பிளைண்டிலிருந்து 2 ஆக்கி மட்டும் விட்டேன், மாமா செக் (மேலே எதுவும் வைக்கவில்லை). ஃப்ளாப்பில், அதாவது நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில், ராணி, 7, 4. நான் 4 போட்டேன், அவர் 12 ஆக்கினார், கால் செய்தேன் (நானும் அதே அளவு வைத்தேன்). அடுத்து 2 வந்தது. செக் செய்தேன், அவர் 20 வைத்தார், அதற்கும் கால். கடைசியில் 9 வந்ததும் மிச்சமிருந்த 66-ஐயும் தள்ளினார். ஏஸ் ஜோடியை எப்படி விடுவது? பார்த்தால் அவரிடம் 7-4, இரண்டு ஜோடி. அக்கா துணி எடுக்க வந்தவள் சிரித்துவிட்டுப் போனாள்.

பெரிய ஜோடியை ஃப்ளாப்புக்கு முன் எப்படித்தான் ஆடுவது?

கேரம் பைத்தியம்:

ஏஸ் ஜோடி தோற்கவே தோற்காது என்று யார் சொன்னது நண்பா? எதிரில் எந்த இரண்டு சீட்டு இருந்தாலும், கடைசி வரை போனால் சராசரியாக 85% தான் வெல்லும். ஆறேழு தடவைக்கு ஒரு தடவை உதை உண்டு. ஆனால் உங்கள் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. 7-4-க்கு இலவசமாக ஃப்ளாப் காட்டியது நீங்கள்தான். 6 போட்டிருந்தால் அந்தச் சீட்டு குப்பைக்குப் போயிருக்கும்.

ராயபுரம் மொட்டைமாடி:

போயிருக்கும், எனக்கும் இரண்டு கொட்டைதான் வந்திருக்கும். அதைத்தானே கேட்கிறேன்.

தண்டையார்பேட்டை அண்ணன்:

தம்பி, இரண்டு கேள்வி. ஜோடி வராதபோது என்ன செய்கிறீர்கள்? ஸ்டிரைக்கர் யாரிடம் இருந்தால் யார் 1 வைக்கிறீர்கள்?

ராயபுரம் மொட்டைமாடி:

ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால்தான் ரெய்ஸ். மற்றதெல்லாம் லிம்ப் இல்லையென்றால் ஃபோல்ட் (சீட்டைக் கீழே போடுவது). சீட்டுப் போடுகிறவர் 2 வைப்பார், எதிராளி 1. நாலைந்து பேர் ஆடும்போது டீலருக்கு அடுத்தவர்தானே சிறிய பிளைண்ட், அதே கணக்கு.

தண்டையார்பேட்டை அண்ணன்:

இரண்டிலும் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் விதி. இருவர் மட்டும் ஆடும்போது டீலர்தான் சிறிய பிளைண்ட் வைக்க வேண்டும். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசுவார். உங்கள் வீட்டில் 1 வைத்தவர் எல்லாச் சுற்றிலும் முதலில் வாயைத் திறக்கிறார். ஏஸ் ஜோடியை அந்த இடத்திலிருந்து ஒளித்து ஆடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்டிரைக்கர் அடிக்கிற மாதிரி. செக் செய்யலாமா, எவ்வளவு போடலாம், எதிலும் எதிராளியைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வழியில்லை.

அடுத்ததுதான் முக்கியம். ஜாக், ராணி, ராஜா, ஏஸ், இந்த நாலு ஜோடியில் ஒன்று வருவது ஏறக்குறைய 55 ஆட்டத்துக்கு ஒரு தடவை. மாமா 54 தடவை உங்கள் லிம்ப்பையும் ஃபோல்டையும் பார்த்துவிட்டு, 55-வது தடவை ரெய்ஸைப் பார்க்கிறார். ஓடாமல் என்ன செய்வார்? நீங்கள் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு ஆடுகிறீர்கள். ரெய்ஸை விடாதீர்கள், அதிகமாக்குங்கள். ஸ்டிரைக்கர் உங்களிடம் இருக்கும்போது பாதிக்கும் மேற்பட்ட சீட்டுகளுக்கு 5 போடுங்கள். ராஜா-6 ஆனாலும் 5, ஜாக்-8 ஆனாலும் 5, ஏஸ் ஜோடி ஆனாலும் அதே 5. ஜோடி வந்தால் மட்டும் 8 போட்டால் அது பழைய கதைதான்.

கேரம் பைத்தியம்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஜாக் ஜோடி வைத்திருந்தால் ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வருவது 57%. பார்த்ததும் கை நடுங்கும். ஆனால் ஜோடி இல்லாத எதிராளிக்கு ஃப்ளாப்பில் ஏதாவது மாட்டுவது மூன்றில் ஒரு தடவைதான். ராணி வந்துவிட்டது என்பதற்காக அவரிடமும் ராணி இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒன்பது பேர் மேசைக்கான பயத்தை இருவர் ஆட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். ராஜா ஜோடி வைத்திருக்கும்போது எதிரில் ஏஸ் ஜோடி இருப்பது 204-இல் ஒன்று.

ராயபுரம் மொட்டைமாடி:

இந்த ஞாயிறு விதியை மாற்றி ஆடினோம். மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு டீ குடித்த பிறகு சரி என்றார். நான் ஜாக்-8-க்கெல்லாம் 5 போட, முதல் அரை மணி நேரம் ஓடினார், அப்புறம் கடுப்பாகி எல்லாவற்றுக்கும் கால் செய்ய ஆரம்பித்தார். ராஜா ஜோடி வந்தபோது ராணி-9 வைத்துக்கொண்டு கடைசி வரை வந்தார், 34 கொட்டை. 10-10 ஜோடி வந்தபோது நான் தோற்றேன், அது வேறு. ஆனால் இப்போது புதுத் தலைவலி. என் 5-க்கு மேல் 20 என்று திருப்பிப் போடுகிறார். ராணி ஜோடியை என்ன செய்வது?

தண்டையார்பேட்டை அண்ணன்:

நல்ல தலைவலிதான். 100 கொட்டை ஆட்டத்தில் ராணி ஜோடியை 45 ஆக்கிவிட்டுப் பிறகு பின்வாங்குவதில் அர்த்தம் இல்லை. அவர் கண்டதற்கெல்லாம் 20 போடுகிறார் என்றால் மொத்தத்தையும் தள்ளுங்கள். எதிரில் ஏஸ்-ராஜா இருந்தாலும் கொஞ்சம் உங்கள் பக்கம்தான் சாயும். ஏஸ் ஜோடியை ஒளிக்க ஆசை என்றால் அதற்கான இடமும் இதுதான். ஸ்டிரைக்கர் உங்களிடம் இருக்கும்போது அவருடைய 20-க்குச் சும்மா கால் செய்யுங்கள். நடுவில் ஏற்கெனவே 40 கிடக்கும், ஃப்ளாப்பில் அவர்தான் முதலில் பேச வேண்டும்.

ராயபுரம் மொட்டைமாடி:

நன்றி அண்ணே. கடைசியாக ஒன்று. அக்கா புளி ஆய்ந்ததில் இன்னும் 12 கொட்டை சேர்ந்திருக்கிறது. ஆளுக்கு 106 வைத்து ஆடினால் கணக்கு மாறுமா?

தண்டையார்பேட்டை அண்ணன்:

மாறாது.