மாதவரத்தில் அரை கிரவுண்ட் காலி இடம் இருக்கிறது, ஆர்சி காருக்கு (ரிமோட்டில் ஓடும் சின்ன கார்) மண் டிராக் போடலாமா?

மாதவரம்_பக்கி:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் 30க்கு 40 அடி இடம் சும்மா கிடக்கிறது. அப்பா இப்போதைக்கு எதுவும் கட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டார், அம்மா வாழைக்கன்று வைப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். என்னிடம் 1/14 அளவு (நிஜ காரில் பதினாலில் ஒரு பங்கு) டபிள்யூஎல்டாய்ஸ் 144001 கார் இருக்கிறது, அண்ணன் பையனிடம் அதைவிடப் பெரிய 1/10 ஷார்ட் கோர்ஸ் ட்ரக், மண் ரேஸ் ட்ரக் மாதிரி. தெருவில் ஓட்டினால் ஒரு பக்கம் நாய் துரத்துகிறது, இன்னொரு பக்கம் தண்ணி லாரி.

மேலாக இருப்பது வீடு கட்டியபோது கொட்டிய சவுடும் உடைந்த செங்கலும். அரை அடி தோண்டினால் கறுப்புக் களிமண். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு எங்கள் மனை தெருவைவிட ஓர் அடி பள்ளமாகிவிட்டது, ஐப்பசி பிறந்தால் தண்ணீர் நிற்கும். ஒரு மூலையில் வேப்பமரம். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் மெஷின் வைத்துத் தோண்டுகிறார்கள், என்னிடம் மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி, ரெண்டு சின்னப் பசங்க. எந்த மண் போடுவது, எத்தனை வளைவு, எத்தனை ஜம்ப், மழைக்கு என்ன செய்வது?

ஃபுல்_த்ராட்டில்:
ப்ரோ சூப்பர்!! முதலில் ஒரு பெரிய டபுள் ஜம்ப் (ரெண்டு மேடு, நடுவில் தாண்ட ஒரு பள்ளம்) போடுங்கள், வீடியோவில் அதுதான் கெத்து. மண்ணுக்குக் காசு செலவழிக்காதீர்கள், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் லோடு லோடாகக் கிடக்கிறது, அதைக் கொட்டி சமன் செய்தால் வேலை முடிந்தது.

சோழவரம்_பழசு:
தம்பி, சாம்பலை மட்டும் கொண்டு வராதீர்கள். பவுடர் மாதிரி நைஸாக இருக்கும், காய்ந்ததும் டயர் சுழலும்போது மேலே எழும்பி நேராக மூக்குக்குள் போகும், அதில் சிலிக்கா இருக்கிறது, சின்னப் பசங்க வேறு நிற்கப் போகிறார்கள் என்கிறீர்கள். எண்ணூரில் இருப்பவர்கள் அதை சுவாசித்துக்கொண்டு படும் பாடு போதாதா, காசு கொடுத்து மாதவரத்துக்கு வேறு கொண்டு வர வேண்டுமா? பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியும் வடாமும் ஒரே நாளில் சாம்பல் நிறமானால் உங்கள் டிராக் அன்றே மூடப்படும்.

நல்ல மண் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. கறுப்புக் களிமண் இறுகப் பிடிக்கும், ஆனால் தனியாகப் போட்டால் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், ஈரமானால் டயரில் அப்பிக்கொள்ளும். சவுட்டில் மணல் இருக்கும், அது மட்டும் இருந்தால் நாலு சுற்றில் பள்ளம் பறித்துவிடும். ரெண்டையும் கலக்க வேண்டும். எந்த அளவில் என்று கேட்காதீர்கள், மனைக்கு மனை மாறும், சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கலந்த மண்ணை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கால் பாகம் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில், களி கடைசியாக மேலே படியும், தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. மணல் படிந்த உயரத்தில் கிட்டத்தட்ட பாதி உயரத்துக்குக் களி படிந்திருந்தால் நான் அதையே போடுவேன்.

அப்புறம் சலிப்பது. இந்த வேலையில் யாரும் ஏமாற்றக் கூடாது. கொத்தனார் மணல் சலிக்கும் வலையைச் சாய்த்து வைத்து எல்லா மண்ணையும் அதில் எறிந்து சலித்துவிடுங்கள். 144001க்கு அடிப்பாகம் தாழ்வு, கட்டைவிரல் அளவு செங்கல் துண்டு ஒன்று போதும், கார் குட்டிக்கரணம் போடும், சின்னக் கல் பல்சக்கரத்தில் மாட்டினால் பல் போய்விடும்.

சலித்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், மூணு விரல் கனம், பூவாளியில் தண்ணீர், திமுசு (தரை இடிக்கும் கட்டை) போட்டு இடி, மறுபடி மூணு விரல். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் ரெண்டாக உடைய வேண்டும், அதுதான் ஈரப் பதம். ஒரே அடியாக ஓர் அடி உயரம் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பொலபொலவென்று இருக்கும், முதல் மழையில் உட்கார்ந்துவிடும்.

லேனுக்கு வருகிறேன். 1/10 ட்ரக்குக்கு 6 அடி அகலம் வைத்தால் நாலு லேன் வரும், போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி. நாலாவது லேனிலிருந்து முதல் லேனுக்கு வர ஒரு ஓரத்தில் குறுக்கே 6 அடி ஒதுக்க மறந்துவிடாதீர்கள். ஜம்ப் ஒன்று போதும், டபுள் வேண்டாம். ரெண்டு மேட்டுக்கும் நடுவில் மண் நிரப்பித் தட்டையாக்கிய டேபிள் டாப் போடுங்கள், பசங்க பாதியில் விழுந்தாலும் கார் தட்டையில்தான் இறங்கும். ஓர் அடி உயரத்துக்கு மேல் வேண்டாம், ஏறும் சரிவு மூணு நாலு அடி நீளம் இருக்கட்டும், இறங்கும் சரிவும் அப்படியே. வளைவிலிருந்து வெளியே வந்த உடனே ஜம்ப் வைக்காதீர்கள், கார் நேராவதற்குள் எகிறும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் நிஜ கார் ரேஸ் நம்ம சோழவரத்தில்தான், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தது. வடசென்னைக்காரனுக்கு ரேஸ் புதுசு இல்லை தம்பி.

காயலான்_கடை_ரசிகன்:
பழசு அண்ணன் சொன்னதற்கு மேல் ரெண்டு விஷயம். ஓரத்துக்கு செங்கல், மரச்சட்டம் எதுவும் வைக்க வேண்டாம், முட்டினால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் உடையும். காயலான் கடையில் பழைய தடித்த ஹோஸ் பைப் எடைக்குக் கிடைக்கும், அதைப் பாதி புதைத்து, கம்பியை யு மாதிரி வளைத்துத் தரையில் அடித்துவிடுங்கள். பழைய டயர் வைத்தால் உள்ளே மண் நிரப்பியே ஆக வேண்டும், தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு, கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து கேட்பார்கள்.

ஓட்டுகிறவர் மொட்டை மாடியில் நிற்கட்டும். முழு டிராக்கும் தெரியும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு அந்த தூரம் ஒன்றுமே இல்லை. கவிழ்ந்த காரை நிமிர்த்த மட்டும் கீழே ஒரு ஆள் வேண்டும், ரெண்டு பசங்க இருக்கிறார்களே. காரின் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மாடி வெயிலில் வைக்காதீர்கள்.

மாதவரம்_பக்கி:
மாடி ஐடியா பிரமாதம் அண்ணே. மழைக்கும் தூசிக்கும் யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டில் டிராக்கில் சர்க்கரைத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று படித்தேன்.

சோழவரம்_பழசு:
சர்க்கரை கூரை போட்ட இடத்துக்கு. இங்கே தெளித்தால் எறும்பு வந்து ரேஸ் விடும். ஓட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் தண்ணீர் போதும், துணி துவைத்த கடைசித் தண்ணீர் இருந்தால் அது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தூசி நன்றாகவே அடங்கும், ஆனால் பேரிங் துருப்பிடிக்கும், ஓட்டி முடித்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மழைக்கு: மனை பள்ளம் என்பதால் டிராக் முழுவதையும் அரை அடியாவது உயர்த்துங்கள், லேனின் நடுப்பகுதி மேடாக, ரெண்டு ஓரமும் லேசாகச் சரிய வேண்டும். அதற்கு வேண்டிய களியைச் சுற்றுச்சுவர் ஓரமாக வாய்க்கால் வெட்டி எடுங்கள், மண்ணும் ஆச்சு, தண்ணீர் போக வழியும் ஆச்சு. சுவரின் அஸ்திவாரத்திலிருந்து ரெண்டடி தள்ளி வெட்டவும். வேப்பமரத்தின் அடியில் மண்ணைக் குவிக்காதீர்கள், மரம் கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டும் ஆசையே வேண்டாம், ஜம்ப் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தை மாதம் மேல் மண்ணைக் கொத்தி மறுபடி இடித்துக்கொள்ளலாம்.

மாதவரம்_பக்கி:
சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை சலிக்க ஆரம்பிக்கிறேன். திமுசு எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?

காயலான்_கடை_ரசிகன்:
வாடகை எதற்கு, நான் கொடுங்கையூர்தான், என்னிடம் இரும்பில் ஒன்று இருக்கிறது. தனிச் செய்தி அனுப்புங்கள். சைக்கிளில் மட்டும் வராதீர்கள், கேரியர் வளைந்துவிடும்.